இரண்டாவது முறையும் குட்டி போட விடலாமா?

வெள்ளவத்தைத் தொடர்மாடியில் வளரும் உங்கள் லாப்ரடோர் நாய் முதல் ஈற்றில் ஏழு குட்டிகள் போட்டது, மறுபடியும் இணை சேர்க்கலாமா என்று கேட்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம். விலாவைத் தடவிப் பாருங்கள். எலும்பு கூர்மையாகத் தட்டுப்பட்டால், பாலூட்டியதில் இழந்த உடம்பு இன்னும் தேறவில்லை. சென்ற முறை சத்திரசிகிச்சை செய்து குட்டிகளை எடுத்திருந்தால், அல்லது பாலூட்டும்போது கல்சியம் குறைந்து வலிப்பு வந்திருந்தால், என்னைப் பொறுத்தவரை பேச்சுக்கே இடமில்லை.

சினைக்காலம் சுமார் 63 நாள். பிறகு எட்டு வாரமாவது குட்டிகள் தாயோடு இருக்க வேண்டும். அத்தனைக்கும் நல்ல வீடு கிடைக்குமா? கொழும்புத் தெருவோரங்களில் கைவிடப்பட்ட குட்டிகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது. குட்டி போட்டால்தான் பெட்டைக்கு ஆரோக்கியம் என்பது வெறும் நம்பிக்கை. கருப்பையை நீக்கும் கருத்தடையோ, கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்தைத் தவிர்க்கும். மிருக வைத்தியரிடம் அதைப் பற்றியே பேசுங்கள்.