45,000 ரூபாய் என்று போட்டிருக்கிறான், கொடுத்தவன் யார்?

கேள்வி: எங்களுக்குப் பூர்வீகம் பள்ளத்தூர், நான் திருச்சியில் வங்கி வேலையில் இருக்கிறேன், வயது 48. போன தை மாதம் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்காகப் பங்காளிகள் எல்லாரும் கூடிப் பெரிய வீட்டைத் திறந்தபோது இரண்டாங்கட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. உள்ளே 130 காமிக்ஸ். முத்து காமிக்ஸ், இந்திரஜால், ராணி காமிக்ஸ், ஐயா மலேயாவிலிருந்து கொண்டுவந்த இங்கிலீஷ் வாரப் பத்திரிகைகள் கொஞ்சம். பாதிப் புத்தகங்களின் முதல் பக்கத்தில் பென்சிலில் சித்தப்பாவின் இனிஷியல் இருக்கிறது. அன்று முதல் ராத்திரி ஒரு மணி வரை ஏல விலை பார்ப்பதே என் வேலையாகிவிட்டது. ஒரு பழைய முத்து காமிக்ஸுக்கு 45,000 ரூபாய் போட்டிருந்ததைப் பார்த்தேன். நானும் 11,000 ரூபாய்க்கு நான்கு புத்தகம் வாங்கிவிட்டேன். மனைவிக்குக் கோபம். காரைக்குடியில் பழைய சாமான் வாங்கும் ஒருவர் பெட்டியோடு 20,000 தருகிறேன் என்கிறார். விற்கலாமா, வைத்திருக்கலாமா? முதலீடாக இன்னும் வாங்கலாமா?
– பெயர் வேண்டாம், பள்ளத்தூர்

பதில்:

முதலில் அந்த 45,000-ஐ எடுத்துக்கொள்வோம். அந்த விலைக்கு ஒருவர் விற்க வைத்திருக்கிறார், சரி. வாங்கியது யார்? போன மாதமும் அதே புத்தகம் அதே போட்டோவோடு அங்கேயே கிடந்ததா என்று பார்த்தீர்களா? காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு தடவையாவது நடந்திருப்பீர்கள். பழைய மரவை, அதாவது மரப் பாத்திரம், ஒன்றைக் கையில் எடுத்தால் கடைக்காரர் எட்டாயிரம் என்பார், நீங்கள் கீழே வைத்துவிட்டு நாலு எட்டு நடந்தால் ஐயாயிரம், தெருமுனைக்குப் போனால் மூவாயிரம் என்று கூப்பிடுவார். அந்த எட்டாயிரத்தை யாராவது மரவையின் விலை என்று கணக்கில் எழுதுவார்களா? செல்போன் திரையில் தெரிகிற 45,000-மும் அந்த எட்டாயிரம் மாதிரிதான், என்ன, இங்கே கடைக்காரர் பின்னால் இருந்து கூப்பிடமாட்டார்.

ஆகவே பார்க்க வேண்டியது விற்று முடிந்த விலை. ஈபே மாதிரி தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் தனியாகக் காட்டச் சொல்லும் வசதி இருக்கிறது. அதைத் தட்டியதும் பட்டியல் பத்தில் ஒன்றாகச் சுருங்கினாலும் ஆச்சரியப்படாதீர்கள். அதிலும் ஒரு பொடி வைத்திருக்கிறார்கள். பேரம் பேசி முடித்த வியாபாரத்தில் கேட்ட விலையின் மேல் ஒரு கோடு போட்டிருக்கும், அப்படியென்றால் கைமாறிய பணம் அதைவிடக் குறைவு என்று அர்த்தம். பெரிய ஏல நிறுவனங்களுக்கு வருவோம். அமெரிக்காவில் டல்லாஸில் இருக்கிற ஹெரிடேஜ் போன்றவர்கள் வெளியிடுகிற தொகையில் வாங்குகிறவர் கட்டும் கமிஷனும் சேர்ந்தே இருக்கும். சுத்தி தட்டும்போது 100 என்று முடிந்தால், 20 சதவீதம் சேர்த்து பேப்பரில் 120 என்று வரும். விற்றவர் கைக்குப் போவதோ அந்த 100-தான், அதிலும் அவர் பங்குக் கமிஷன் கழியலாம். வங்கியில் இருக்கிறீர்கள், இதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு வங்கி மூளை வேலை செய்யாது.

அந்த ஒரு மணி விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். டல்லாஸில் மாலை ஏழு என்றால் நமக்கு மறுநாள் விடிகாலை ஐந்தரை அல்லது ஆறரை. நீங்கள் கண்விழித்துப் பார்க்கிற நேரத்தில் அங்கே ஆபீஸில் மத்தியானச் சாப்பாடு நடந்துகொண்டிருக்கும். முடிந்த விலை எங்கேயும் ஓடிப்போகாது, காலையில் காபியோடு பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் புத்தகத்தின் நிலை. இதைப் புரிந்துகொள்ளாமல் விலை பார்ப்பது, வயதும் நட்சத்திரமும் கேட்காமல் சம்பந்தம் பேசுவது மாதிரி. சூப்பர்மேன் முதன்முதலாக வந்த ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ் 1938-இல் 10 சென்டுக்கு விற்றது. 2000-இல் தொடங்கிய சிஜிசி என்ற தரம் பார்க்கும் நிறுவனம் 10-க்கு எத்தனை என்று மதிப்பெண் போட்டுப் பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருகிறது. அவர்கள் 9.0 போட்ட ஒரு பிரதி 2011-இல் 21 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போனது. நடிகர் நிகோலஸ் கேஜ் வீட்டில் திருட்டுப் போய்ப் பதினோரு வருஷம் கழித்துக் கிடைத்த பிரதி அது. அதே 9.0 வாங்கிய இன்னொரு பிரதி 2014-இல் 32 லட்சம் டாலர். நடுவில் மூன்று வருஷம் ஓடியிருக்கிறது என்பது ஒரு பக்கம், இரண்டாவது பிரதியின் தாள் இன்னும் வெள்ளையாக இருந்தது என்பது இன்னொரு பக்கம். பிறகு 2024-இல் 8.5 போட்ட ஒன்று 60 லட்சம் டாலருக்கு விற்றது. மதிப்பெண் குறைவு, விலை ஏறக்குறைய இரட்டிப்பு! அதனால் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள், எந்தப் பிரதி, எந்த வருஷம், என்ன மதிப்பெண், யார் விற்றது என்று நான்கையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பரணுக்கு நெருங்கிய சொந்தமாக ஒரு கதை உண்டு. வடக்குக் கலிஃபோர்னியாவில் மூன்று சகோதரர்கள், காலமான அம்மாவின் வீட்டுப் பரணை ஒழித்தபோது பழைய செய்தித்தாள்களுக்கு அடியில் சில காமிக்ஸ் கிடைத்தன. அதில் ஒன்று 1939-இல் வந்த சூப்பர்மேன் முதல் இதழ். 9.0 மதிப்பெண். 2025 நவம்பரில் அது 91 லட்சத்து 20 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது, நம் பணத்தில் 80 கோடி என்று வைத்துக்கொள்ளலாம். இதைப் படித்துவிட்டுத்தான் உங்களுக்குத் தூக்கம் போயிருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். அந்தப் புத்தகம் அப்படிப் பிழைத்ததற்கு அந்த ஊர்க் குளிர்ச்சி ஒரு காரணம். நம் பரண் ஓட்டுக்கு அடியில் சித்திரை, வைகாசி முழுக்க வேகிற இடம். முற்றத்தில் மழை கொட்டினால் ஈரமும் வந்துவிடும். சுண்ணாம்பும் முட்டையும் போட்டு இழைத்த சுவர் கீழ்க்கட்டு ஆட்களுக்குக் குளுகுளு என்று இருக்கும், பரணில் கிடக்கிற மட்டக் காகிதத்துக்கு அந்தப் புண்ணியம் கிடைக்காது.

சரி, நம் பெட்டிக்கு வருவோம். தமிழ் காமிக்ஸுக்கு அமெரிக்காவில் இருப்பது போல வருஷா வருஷம் அச்சாகிற விலைப் புத்தகம் கிடையாது, மதிப்பெண் போடும் ஆளும் கிடையாது. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் உங்கள் வயதுக்காரர்கள், சின்ன வயதில் இரும்புக்கை மாயாவி என்ற காமிக்ஸ் நாயகனுக்காகக் கடை வாசலில் தவம் கிடந்தவர்கள். ஒரே இதழுக்கு இரண்டு பேர் ஆசைப்பட்டால் விலை விண்ணுக்குப் போகும், ஒருவருக்குக் கிடைத்துவிட்டால் அடுத்த பிரதிக்கு ஆள் இருக்காது. அதனால் ஒரு விற்பனையை வைத்து விலை இதுதான் என்று முடிவு கட்ட முடியாது. நம் ஐயாக்கள் ரங்கூனிலும் பினாங்கிலும் பேரேடு எழுதினார்களே, நீங்களும் ஒன்று போடுங்கள். ஒரு சாதாரண நோட்டுப் போதும். விற்றது என்று உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் எழுதுங்கள். கேட்ட விலையை எழுதியே ஆக வேண்டும் என்று கை அரித்தால் வேறு மையில் எழுதிக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தால் எந்தப் புத்தகம் அடிக்கடி கைமாறுகிறது, எது சும்மா ஜம்பத்துக்கு நிற்கிறது என்று தானே தெரிந்துவிடும்.

முத்து காமிக்ஸ் 1972-இல் சிவகாசியில் தொடங்கியது, இரும்புக்கை மாயாவிதான் முதல் இதழ். அந்தக் கதைகள் பிற்பாடு மறுபடியும் மறுபடியும் அச்சாகியிருக்கின்றன. ஆகவே கதையைப் பார்த்து மயங்காமல் விலை, வருஷம், இதழ் எண், பின்னட்டை விளம்பரம் எல்லாவற்றையும் பாருங்கள். ஆக்‌ஷன் காமிக்ஸிலேயே இந்தக் கூத்து உண்டு. 1974-இல் பெரிய அளவில் மறுபதிப்புப் போட்டார்கள், வெளி அட்டையைக் கழற்றிவிட்டால் உள்ளே அப்படியே 1938. அளவை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ராணி காமிக்ஸ் 1984-இல் வந்தது, மாதம் இரண்டு இதழ், மூலைமுடுக்குப் பெட்டிக்கடை வரை போனது, ஆகவே அபூர்வம் என்று நினைக்காமல் பாருங்கள். மலேயாவிலிருந்து வந்த வாரப் பத்திரிகைகளில் டாண்டி, பீனோ என்ற பிரிட்டிஷ் காமிக்ஸ் இருக்கிறதா? டாண்டியின் முதல் இதழ் 1937 டிசம்பர், பீனோ 1938 ஜூலை. இலவசமாகக் கொடுத்த ஊதலோடு டாண்டி முதல் இதழ் ஒன்று 2004-இல் 20,350 பவுண்டுக்குப் போனது. ஐம்பதுகளின் சாதாரண இதழ் என்றால் சில பவுண்டுதான். தேதியைப் பார்த்துவிட்டுக் கனவு காணுங்கள்.

இன்னொன்று, எதையும் பைண்டிங் செய்துவிடாதீர்கள். நான் செய்தேன். எண்பதுகளில் 40 முத்து காமிக்ஸை மூன்று தொகுப்பாக அடுக்கிக் காரைக்குடியில் ஒரு பைண்டரிடம் கொடுத்தேன். ரெக்சின் அட்டை, தங்க எழுத்து, பார்க்க என்னவோ பிரமாதமாகத்தான் இருந்தது. ஓரம் சமமாக வர வேண்டும் என்று மூன்று பக்கமும் கத்தி போட்டு வெட்டியிருந்தார், சில பக்கங்களில் மாயாவியின் விரலும் போய்விட்டது. அவர் மேல் தப்பில்லை, பைண்டிங் என்றால் அப்படித்தான் செய்வார்கள். இன்று அந்த மூன்று தொகுப்பையும் சேகரிக்கிறவர் யாரும் சீந்தமாட்டார். செலோ டேப், லேமினேஷன் இரண்டும் இதே ரகம். பின் துருப்பிடித்திருந்தால் பிடுங்காமல் விடுங்கள். பெட்டியை உடனே கீழே இறக்கி, காகிதம் தின்னும் ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, நிழலில் காற்றாட வைத்து, அமிலமில்லாத அட்டை ஒன்றைப் பின்னால் கொடுத்துப் பாலிப்ராபிலீன் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். அதற்கு ஆகிற செலவு, அந்த நான்கு புத்தகத்துக்கு நீங்கள் கொடுத்ததைவிடக் குறைவுதான்.

காரைக்குடிக்காரரின் 20,000 என்பது ஒரு புத்தகத்துக்கு 153 ரூபாய் சொச்சம். ஏமாற்று என்று சொல்லமாட்டேன். அவர் கண்ணுக்கு அதில் பத்துப் புத்தகம் தெரிந்திருக்கும், மீதி 120 அவர் கடையில் தூசி அடையும், அந்த ரிஸ்க்குக்கும் சேர்த்துத்தான் விலை சொல்கிறார். ஆனால் அந்தப் பத்து எது என்று உங்களுக்குத் தெரியாத வரை கொடுக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் தேக்குத் தூணையும் பெல்ஜியம் கண்ணாடியையும் எடைக்குப் போட்டது போல் போட்டுவிட்டு, பிறகு ஏதோ ஹோட்டலின் வரவேற்பறையில் போய் அடையாளம் கண்டுகொண்டவர்கள் எத்தனை பேர்!

முதலீட்டுக்கு வாங்கலாமா என்றால், வேண்டாம். 1991-இல் எக்ஸ்-மென் முதல் இதழ் என்று ஒன்று வந்தது, 80 லட்சம் பிரதிக்கு மேல் போயிற்று, பிள்ளைகள் படிப்புக்கு ஆகும் என்று பத்துப் பத்தாக வாங்கிப் பத்திரப்படுத்தியவர்கள் உண்டு. எல்லாரும் பத்திரப்படுத்தியதால் இன்றைக்கும் சில டாலருக்குக் கிடைக்கிறது. தமிழில் அவ்வளவு பிரதி இல்லைதான், ஆனால் வாங்குகிற தலைமுறைக்கு வயதாகிறது. இருபது வருஷம் கழித்து உங்கள் மகன் யாரிடம் விற்பான்? படிக்க ஆசை, தொட்டுப் பார்க்க ஆசை என்றால் மாதம் இவ்வளவு என்று ஒரு தொகை வைத்து, மனைவியிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள். அவர் கோபம் காகிதத்தின் மேல் இருக்காது என்று நினைக்கிறேன், சொல்லாமல் போன 11,000 மேல் இருக்கும்.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகத்தோடு நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை வரை சேர்த்தார். அவர் 1992-இல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது, இன்று அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. விற்காமல் போகும் இதழ்களை எடைக்குப் போடுவதற்கு முன் அப்படிப்பட்ட நூலகங்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. வீடு பங்காளிகள் எல்லாருக்கும் பொது, படைப்பன்று எல்லார் முன்னாலும் திறந்த பெட்டி, புத்தகத்தில் சித்தப்பாவின் இனிஷியல். விற்கலாமா என்று காரைக்குடியில் ஒருவரையும் என்னையும் கேட்டிருக்கிறீர்கள். சித்தப்பா இருக்கிறாரா, எங்கே இருக்கிறார் என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. இருக்கிறார் என்றால் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு போன் போடுங்கள். அவர் வாங்கிய விலையும் எந்தக் கடை என்பதும்கூட அவருக்கு நினைவிருக்கலாம், உங்கள் பேரேட்டில் முதல் வரியாக அதையே எழுதிக்கொள்ளலாம்.