மதிப்பெண் பச்சை, மனசு ஒப்பவில்லை: டாக்டரைக் கூப்பிடலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு மருத்துவமனையின் கேஷுவல்ட்டியில் புதிதாகச் சேர்ந்த நர்ஸ் ஒருவர் கேட்கிறார்: "63 வயது அம்மா. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. மகனோடு நடந்துதான் வந்தார். 'வாயு பிடிச்சிருக்கு, ஒரு மாதிரி இருக்கு' என்றார். ட்ரையாஜ் (யாரை முதலில் பார்ப்பது என்று வரிசைப்படுத்தும் முறை) மதிப்பெண் 1 தான், பச்சை, அதாவது அவசரமில்லை. ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. இதை வைத்து டாக்டரைக் கூப்பிடலாமா?"

தாராளமாகக் கூப்பிடலாம். ஆனால் மனசு ஏன் ஒப்பவில்லை என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். உங்கள் கண்ணில் ஏதோ பட்டிருக்கிறது, அதற்கு நீங்கள் இன்னும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

தென்னாப்பிரிக்க ட்ரையாஜ் முறையில் நடை, மூச்சு, நாடி, ரத்த அழுத்தம், உடல் சூடு, நினைவு, அடிபட்டிருக்கிறதா என்ற ஏழையும் கூட்டுகிறோம். 2 வரை பச்சை, 4 மணி நேரம் வரை காத்திருக்கலாம். 5, 6 வந்தால் ஆரஞ்சு, 10 நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். கூட்டி முடித்ததும் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். மதிப்பெண்ணோடு அறிகுறிப் பட்டியலையும் பார்த்தாக வேண்டும். நெஞ்சு வலியோ திடீர் மூச்சுத் திணறலோ இருந்தால், மதிப்பெண் 0 ஆனாலும் ஆரஞ்சுதான். ரத்தச் சர்க்கரை 3 mmol/Lக்குக் கீழே என்றால் நேரே சிவப்பு, அதாவது உடனே பார்க்க வேண்டும். காவடி விரத நாட்களில் பட்டினியோடு மாத்திரை போட்டு வருபவர்களிடம் இதை மறக்கவே கூடாது.

அப்போது அந்த அம்மாவின் 'வாயு' என்ன? நம் பெரியவர்கள் நெஞ்சு வலி என்று வாய்விட்டுச் சொல்வது அபூர்வம். "எங்கே என்று கையை வைத்துக் காட்டுங்கம்மா" என்று கேளுங்கள். உள்ளங்கையை விரித்து நெஞ்சின் நடுவில் வைத்தால் கவனம். பாரமா, இறுக்கமா, தாடைக்கோ கைக்கோ போகிறதா, எப்போது ஆரம்பித்தது என்று கேளுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, வலியே இல்லாமல் வியர்வை, குமட்டல், அசதி, மூச்சு வாங்கல் மட்டும் வைத்தே மாரடைப்பு வரலாம்.

அடுத்து மூச்சு. சார்ட்டில் நிமிடத்துக்கு 18 என்று இருந்தால் யாரும் எண்ணவில்லை என்றே பல நேரம் எனக்குச் சந்தேகம். நாடி பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அவருக்குத் தெரியாமல், முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 24 வந்தாலும் மதிப்பெண் 1இலிருந்து 2 ஆகும், அவ்வளவுதான். இன்னும் பச்சை! கூட்டுத்தொகையை மட்டும் நம்பக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். நாடியும் ஏமாற்றும்: பிரஷருக்கு அட்டெனலால் போன்ற மாத்திரை எடுப்பவருக்கு ஓட வேண்டிய நாடி ஓடாது. மாத்திரைப் பையை வாங்கிப் பாருங்கள். கை சில்லென்று இருக்கிறதா, ஒரு வாக்கியத்தை மூச்சு விடாமல் முடிக்கிறாரா என்பதையும் கவனியுங்கள். "அம்மா எப்பவும் இப்படி இருக்க மாட்டாங்க" என்று மகன் சொன்னால் அதுவும் ஒரு அறிகுறிதான், எழுதிக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் சில நிமிடத்தில் முடிக்கலாம். மாரடைப்புச் சந்தேகம் வந்தால், வந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்துக் காட்டியாக வேண்டும். விரலில் குத்திச் சர்க்கரையும் பாருங்கள்.

சரி, டாக்டரிடம் எப்படிச் சொல்வது? "மனசு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் "அப்புறம் பார்க்கிறேன்" என்பார். இப்படிச் சொல்லுங்கள்: "டாக்டர், நீங்கள் இப்போதே ஒருவரைப் பார்க்க வேண்டும். 63 வயது, சர்க்கரை உண்டு, ஒரு மணி நேரமாக நெஞ்சு நடுவில் இறுக்கம், வியர்வை, மூச்சு 24. மதிப்பெண் பச்சை, ஆனால் நெஞ்சு இறுக்கம் இருப்பதால் ஆரஞ்சில் வைத்திருக்கிறேன். ஈசிஜி இதோ." பட்டியலில் அடங்காத நோயாளிக்கும் வழி உண்டு: மூத்தவர் ஒருவர் பார்த்து நிறத்தை மாற்ற இந்த முறையே இடம் தருகிறது. டாக்டர் வேறு அவசரத்தில் மாட்டியிருந்தால் ஷிஃப்ட்டுக்குப் பொறுப்பான சிஸ்டரிடம் போங்கள். யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள்.

முதல் ஈசிஜி சரியாக இருந்தால் உடனே வெளி பெஞ்சுக்கு அனுப்பிவிடாதீர்கள். கண் படும் இடத்திலேயே உட்கார வையுங்கள். இறுக்கம் போகவில்லை என்றால் 15 முதல் 30 நிமிடத்தில் இன்னொன்று எடுங்கள்.