மேட்டுப்பாளையம் – ஊட்டி சைக்கிள் ஏற்றம்: முழங்கால் ஏன் வலிக்கிறது?

கேள்வி: வயது 44. கோவையில் வங்கி வேலை. இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் 60–80 கி.மீ. சைக்கிள் ஓட்டுகிறேன். எடை 78 கிலோ. என்னிடம் இருப்பது ரோடு பைக். பெடல் பக்கம், முன்னால் இருக்கும் இரண்டு பல்சக்கரங்களில் 50, 34 பல். பின்சக்கரத்தில் இருக்கும் பல்சக்கர அடுக்கில் 11 முதல் 25 பல். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்கு ஒரே நாளில் ஏற வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. போன முறை மலையடிவாரத்தில் இருக்கும் கல்லாறு தாண்டி ஒரு மணி நேரத்திலேயே முழங்கால் வலித்து, திரும்பிவிட்டேன். ஜிம்முக்குப் போய்க் காலை வலுப்படுத்த வேண்டுமா? இன்னும் இரண்டரை மாதத்தில், பிப்ரவரியில், மறுபடி முயலலாமா?

பதில்: தாராளமாக முயலலாம். ஜிம் அவசியமில்லை. வாரம் 80 கி.மீ. ஓட்டும் கால் பலவீனமான கால் அல்ல. உங்களைத் திருப்பி அனுப்பியது பின்சக்கரத்தில் இருக்கும் அந்த 25 பல்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை சுமார் 1,300 மீட்டர் உயரம் ஏறுகிறது. சராசரி ஏற்றம் 5 சதவீதம். நீங்களும் சைக்கிளும் தண்ணீரும் சேர்ந்து 90 கிலோ என்றால், பல மணி நேரம் தாங்கக்கூடிய வேகம் மணிக்கு 9 கி.மீ. அளவில்தான் இருக்கும். அந்த வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 71 தடவை சுற்றும். முன்னால் 34, பின்னால் 25 பல் என்ற உங்கள் மிக இலகுவான கியரில் பெடல் 52 சுற்றுதான் சுற்றும். ஒவ்வொரு மிதியும் படிக்கட்டில் மூட்டையோடு ஏறுவது மாதிரி முழங்காலில் இறங்குகிறது. ஒரு காலுக்கு மணிக்கு மூவாயிரம் மிதி. வலிக்காமல் என்ன செய்யும்?

பின்னால் இருக்கும் பல்சக்கர அடுக்கை (கேசட்) 11–34 ஆக மாற்றுங்கள். 34–34 கியரில் பெடலும் அதே 71 சுற்று சுற்றும். வேகம் குறையாது, ஒவ்வொரு மிதியின் பாரம் கால் பங்குக்கு மேல் குறையும். கடைக்காரரிடம் ஒன்றை மட்டும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்: பின்னால் செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் ரியர் டீரெய்லர் 34 பல்லைத் தாங்குமா? செயினைப் பிடித்திருக்கும் அதன் கூண்டு குட்டையாக இருந்தால் அதையும் மாற்ற வேண்டியிருக்கும். செயினும் புதிதாக, நீளம் பார்த்துப் போட வேண்டும். செலவுதான், ஆனால் வேறு எதற்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். கையோடு சீட் உயரத்தையும் பாருங்கள். சீட் தாழ்வாக இருந்தாலும் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும்.

அடுத்து பயிற்சி. சமதளத்தில் 80 கி.மீ. ஓட்டும்போது நாம் அறியாமலே நிறைய ஓய்வெடுக்கிறோம்: சிக்னல், சரிவு, நண்பரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்குவது. மலையில் மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிள் நின்றுவிடும். அதனால் தூரத்தைக் கூட்டுவதைவிட, விடாமல் மிதிக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். முதல் வாரம் 20 நிமிடம் இரண்டு முறை. பத்து வாரத்தில் ஒரு மணி நேரம் இரண்டு முறை. பேச்சு முழு வாக்கியமாக வர வேண்டும், பாட்டு வரக்கூடாது. அந்த அளவு மூச்சு போதும். கோவைக்காரர்களுக்கு இதற்கு ஒரு வரம் இருக்கிறது, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. டிசம்பர், ஜனவரியில் அது கிழக்கிலிருந்து வீசும். பல்லடம் பக்கம் போகும்போது முகத்தில் அறையும் காற்று, ஏற்றத்தைப் போலவே ஓய்வு தராது. வளைவுகள் பழக மாங்கரையிலிருந்து ஆனைகட்டி ஏறுங்கள். மூன்று வாரம் இருக்கும்போது ஒரு நாள் குன்னூர் போகும் வழியில் இருக்கும் பர்லியார் வரை மட்டும் ஏறித் திரும்புங்கள். கேசட் சரியா, வயிறு என்ன சொல்கிறது என்பதெல்லாம் அன்று தெரிந்துவிடும். 44 வயதில், தொடங்கும் முன் ஒரு தடவை இதயப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

ஏறும் நாளில் மீதி கிலோமீட்டரை எண்ணாதீர்கள், மனசு சோர்ந்துவிடும். உயரத்தை எண்ணுங்கள். மணிக்கு 450 மீட்டர் உயரம் என்றால் கல்லாறு–குன்னூர் மூன்று மணி நேரத்துக்குள் முடியும். முதல் அரை மணியில் கால் துள்ளும். 500, 600 என்று போகத் தோன்றும். அங்கேதான் கட்டுப்பாடு வேண்டும். இடப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவுகளில் நீங்கள் உள்பக்கம் இருப்பீர்கள், அங்கே ஏற்றம் திடீரென்று செங்குத்தாகும். வளைவுக்கு முன்பே கியரை இறக்கிவிடுங்கள். மேலிருந்து பஸ் வந்தால் வளைவுக்கு முன்னாலேயே நின்று வழி விடுங்கள். திரும்ப அதற்கு முழுச் சாலையும் வேண்டும்.

காலையில் இரண்டு மணி நேரம் முன்பு நாலு இட்லி. பிறகு பசிக்காமலேயே முக்கால் மணிக்கு ஒருமுறை வாழைப்பழமோ கடலைமிட்டாயோ சாப்பிடுங்கள். மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர்.

விடிவதற்கு முன் கிளம்ப வேண்டாம். கல்லாறு, பர்லியார் பக்கம் யானைகள் சாலையைக் கடக்கும் இடம். நன்றாக வெளிச்சம் வந்த பிறகு, சனி ஞாயிறு அல்லாத நாளில் ஏறுங்கள். பிப்ரவரி நல்ல தேர்வு: வடகிழக்குப் பருவமழையும் மண்சரிவுப் பயமும் ஓய்ந்திருக்கும், கோடைக் கூட்டம் தொடங்கியிருக்காது.

குன்னூரில் அரை மணி உட்காருங்கள், அதற்கு மேல் வேண்டாம், கால் இறுகிவிடும். அருவங்காடு, கேத்தி வழியாக ஊட்டி இன்னும் 18 கி.மீ. ஏற்றம் மிதம்தான், ஆனால் உடம்பு களைத்திருக்கும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். மூச்சு வாங்கினால் பயப்படாதீர்கள், மணிக்கு 400 மீட்டருக்கு இறங்கிக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்தைவிட 12 டிகிரி வரை குளிராக இருக்கும். வியர்த்த சட்டையோடு நிற்காமல் காற்றுத் தடுப்பு ஜாக்கெட்டைப் போடுங்கள்.

முக்கியமான ஒன்று: அன்றே இறங்காதீர்கள். ஏறும்போது கால்தான் வலிக்கும். இறங்கும்போது களைத்த கையும் கண்ணும் ஆளையே சாய்த்துவிடும். இரவு தங்கி, மறுநாள் வெளிச்சத்தில் கோத்தகிரி வழியாக வாருங்கள். பிரேக்கைத் தொடர்ந்து பிடித்தபடி வந்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம். நேர் சாலையில் விட்டு, வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்து, மறுபடி விடுங்கள். புது பிரேக் கட்டைகளைப் புறப்படும் முன்பே போட்டு, பர்லியார் ஒத்திகையிலேயே பழக்கிவிடுங்கள்.