டெஸ்க்டாப் ஆப்புக்குச் சொந்த முகம்: முதலில் டயல், கடைசியில் தலைப்புப் பட்டை

கேள்வி: பைத்தான் ஓரளவு தெரியும். படிக்கும் நேரத்தை அளக்க டிகின்டரில் ஒரு டைமர் செய்தேன். வேலை செய்கிறது, ஆனால் பார்க்கப் பழைய காலத்து ஆப் மாதிரி இருக்கிறது. மவுஸால் சுழற்றி நிமிடத்தை வைக்கிற வட்ட டயல், வளைந்த மூலைகள், தலைப்புப் பட்டை இல்லாத ஜன்னல், தமிழ் எழுத்து எல்லாம் வேண்டும். ஸ்டார்ட் அழுத்தினால் ஜன்னல் உறைந்தும் போகிறது. எதற்கு மாறலாம்? எங்கே தொடங்குவது?

பதில்: ஜன்னல் ஆப் செய்ய உதவும் பைத்தான் நூலகமான பைசைட் 6-க்கு மாறுங்கள். தொடங்க வேண்டிய இடம் டயல். நீங்கள் கேட்டவற்றில் தலைப்புப் பட்டையை நீக்குவதுதான் ஒரே வரியில் முடிகிற வேலை போலத் தெரியும். அதனாலேயே பலர் அதை முதலில் செய்துவிட்டு, ஜன்னலை நகர்த்த முடியாமல், மூட முடியாமல் அங்கேயே சிக்கிக்கொள்கிறார்கள். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். டயல் ஒன்றைச் சரியாக வரையத் தெரிந்துவிட்டால் சுவிட்ச், மீட்டர், வரைபடம் எல்லாம் அதே முறையில் வந்துவிடும்.

டிகின்டர் பைத்தானோடு கூடவே வரும் ஜன்னல் நூலகம், சிறு கருவிகளுக்குப் போதும். ஆனால் விண்டோஸிலும் லினக்ஸிலும் அதன் கேன்வாஸ் (வரையும் பரப்பு) வளைகோட்டின் ஓரத்தை மென்மையாக்காது. வட்டம் படிக்கட்டு மாதிரிதான் தெரியும். தமிழுக்கு இன்னொரு சிக்கல்: லினக்ஸில் அது எழுத்துகளைச் சேர்த்து உருவமைப்பதில்லை, அதனால் 'கெ' எழுதினால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பைசைட் என்பது க்யூட் என்ற சி++ நூலகத்தின் பைத்தான் வடிவம். க்யூட் 6 வந்தது 2020 டிசம்பரில். எழுத்துருவமைப்புக்கு ஹார்ஃப்பஸ் அதற்குள்ளேயே இருப்பதால் தமிழ் சரியாக வரும். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் நன்றாகத் தெரிந்தவர், இணையப் பக்கம் போலவே ஆப் செய்ய விடும் எலக்ட்ரானில் போகலாம், ஆனால் ஒரு சின்ன டைமருக்குக்கூடக் குரோமியம் உலாவி முழுவதையும் கட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும். பைக்யூட் 6 என்று இன்னொன்றும் உண்டு. நிரல் ஏறக்குறைய ஒன்றேதான், வேறுபாடு உரிமத்தில்: அது ஜிபிஎல் (ஆப்பைக் கொடுத்தால் அதன் நிரலையும் திறந்து கொடுக்கச் சொல்வது) அல்லது காசு கொடுத்து வாங்கும் உரிமம். பைசைட், அந்த நிபந்தனை தளர்ந்த எல்ஜிபிஎல்-லிலும் கிடைக்கிறது. பிற்பாடு ஆப்பை விற்கும் எண்ணம் இருந்தால் பைசைட்டே நல்லது.

நிறுவும்போது தனி விர்ச்சுவல் என்விரான்மென்ட் (இந்த ஆப்புக்கென்றே ஒரு பைத்தான் சூழல்) ஒன்றை உருவாக்கி, அதில் 'பைசைட் 6 எசென்ஷியல்ஸ்' தொகுப்பை மட்டும் போடுங்கள். வெறும் 'பைசைட் 6' என்று போட்டால் கூடுதல் தொகுப்பும் சேர்ந்து இறங்கும். அதில் ஒரு முழு இணைய உலாவி எஞ்சினே இருக்கிறது. டயலுக்கு அது எதற்கு?

முதலில் உறைவதைப் பார்ப்போம். அது டிகின்டரின் குறை இல்லை, க்யூட்டிலும் அப்படியே நடக்கும். ஜன்னல் ஆப் எதுவானாலும் உள்ளே ஒரு ஈவென்ட் லூப் ஓடிக்கொண்டிருக்கும். மவுஸ் அசைவு, விசை, 'திரையை மறுபடி வரை' என்ற கோரிக்கை எல்லாம் வரிசையில் நிற்கும். லூப் ஒவ்வொன்றாக எடுத்து உங்கள் ஃபங்ஷனைக் கூப்பிடும். ஸ்டார்ட் பட்டனின் ஃபங்ஷனுக்குள் டைம் ஸ்லீப் போட்டு 1500 நொடி எண்ணினால், அந்த 25 நிமிடமும் வரிசை நகராது. குறித்த இடைவெளியில் உங்கள் ஃபங்ஷனைக் கூப்பிடும் க்யூடைமர் ஒன்றை 200 மில்லிவினாடிக்கு ஒருமுறை அடிக்கும்படி வைத்து, ஒவ்வொரு அடிக்கும் சின்ன வேலை செய்துவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

அடிக்கொருமுறை எண்ணிக்கையைக் கழிக்கவும் வேண்டாம். க்யூடைமர் இயல்பில் 5 விழுக்காடு வரை முன்பின் அடிக்க அனுமதி உள்ளது, 25 நிமிடத்தில் பிசகு சேர்ந்துவிடும். ஸ்டார்ட் அழுத்தியதும் பைத்தானின் மோனோடானிக் கடிகாரத்தை (ஒருபோதும் பின்னோக்கிப் போகாதது) படித்து, அதோடு 1500 கூட்டி முடிவு நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அடியிலும் முடிவு நேரத்திலிருந்து இப்போதைய நேரத்தைக் கழித்தால் மீதி. திரையில் காட்டும்போது மீதியை மேல்நோக்கி முழுமையாக்குங்கள். அப்போதுதான் தொடங்கியதும் 25:00 தெரியும், உண்மையில் முடியும்போதுதான் 00:00 வரும்.

இனி டயல். ஜன்னலில் தெரியும் உறுப்புகளுக்கெல்லாம் (விட்ஜெட்) அடிப்படையான க்யூவிட்ஜெட்டிலிருந்து 'டயல்' என்று ஒரு கிளாஸ் எடுங்கள். அதற்கு மூன்று பொறுப்பு: ஒரு மதிப்பை வைத்திருப்பது, அதை வரைவது, மவுஸோ விசையோ வந்தால் மதிப்பை மாற்றுவது. மதிப்பு மாறினால் அப்டேட் மெத்தடைக் கூப்பிடுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வரைவதை எப்போது செய்வது என்று க்யூட் முடிவு செய்யும். பத்து முறை அப்டேட் கேட்டாலும் சேர்த்து ஒருமுறை வரைந்துவிடும். வரைகிற மெத்தடுக்குள்ளேயே அப்டேட் போட்டால் வரைதல் ஓயாமல் நடந்து, ஆப் சும்மா கிடக்கும்போதும் ப்ராசசர் ஓடிக்கொண்டே இருக்கும்.

வரைகிற மெத்தடின் பெயர் பெயிண்ட்ஈவென்ட். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகத் தட்டுங்கள்: முதலெழுத்து சின்னது, நடுவில் 'ஈவென்ட்' தொடங்கும் எழுத்து பெரியது. இதில் ஓரெழுத்து பிசகினாலும் பைத்தான் பிழை சொல்லாது, ஏனென்றால் அது நீங்கள் புதிதாக எழுதிய வேறொரு மெத்தட் ஆகிவிடும். க்யூட் அதைக் கூப்பிடவே கூப்பிடாது, டயல் இருக்கும் இடம் வெறுமையாக இருக்கும். 'எதுவுமே வரவில்லை, பிழையும் இல்லை' என்றால் முதலில் இந்தப் பெயரைத்தான் பார்க்க வேண்டும்.

உள்ளே வரைவதற்கான க்யூபெயிண்டர் ஒன்றை உருவாக்கி, ஓரத்தை மென்மையாக்கும் ஆன்டிஅலையாசிங் ரெண்டர் ஹின்டை இயக்குங்கள். அது இயல்பில் அணைந்திருக்கும். விட்ஜெட்டின் அகலம், உயரம் இரண்டில் சிறியதைப் பக்கமாக எடுத்தால் ஜன்னல் எப்படி நீண்டாலும் டயல் வட்டமாகவே இருக்கும். பக்கம் 200, கோட்டின் தடிமன் 12 என்று வைப்போம். 200-க்கு 200 சதுரத்திலேயே வில்லை வரைந்தால் நான்கு பக்கமும் கோடு பாதி வெட்டுப்படும். பேனா கோட்டின் நடுவில் ஓடுவதால் தடிமனில் பாதி, அதாவது 6, சதுரத்துக்கு வெளியே போய்விடுகிறது. ஆகவே எல்லாப் பக்கமும் 6 உள்ளே தள்ளி, 188-க்கு 188 சதுரத்தில் வரையுங்கள்.

வில் வரையும் டிராஆர்க் மெத்தடில் எல்லோரும் ஒருமுறையாவது தடுமாறுவார்கள். கோணத்தை அது பாகையில் வாங்குவதில்லை, பாகையின் 16-ல் ஒரு பங்கில் வாங்குகிறது. முழு வட்டம் 5760. பூஜ்யம் இருப்பது கடிகாரத்தின் 3 மணி நிலையில். கூட்டல் எண் கொடுத்தால் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் போகும். நமக்கு 12 மணி நிலையிலிருந்து வலஞ்சுழியாக வேண்டும். எனவே தொடக்கம் 90 பெருக்கல் 16, அதாவது 1440. வீச்சு கழித்தல் எண். 60 நிமிட டயலில் ஒரு நிமிடம் 6 பாகை, 25 நிமிடம் 150 பாகை, ஆகவே வீச்சு −2400. கணக்கில் பின்னம் வந்தால் முழு எண்ணாக்கிக் கொடுங்கள். முதலில் சாம்பல் நிறத்தில் முழு வட்டம், அதன்மேல் வண்ண வில். பேனா முனையை ஃப்ளாட் கேப் ஆக்குங்கள். இயல்பாக இருக்கும் ஸ்கொயர் கேப் வில்லின் இரு முனையிலும் தடிமனில் பாதியை நீட்டிவிடும், 25 நிமிடம் 26 போலத் தெரியும்.

'எண்ட்பெயிண்ட், ஆக்டிவ் பெயிண்டர்' என்ற சொற்களோடு டெர்மினலில் எச்சரிக்கை வந்தால் அது பின்விளைவுதான். பெரும்பாலும் பெயிண்ட்ஈவென்ட்டின் நடுவில் உங்கள் நிரலில் ஏதோ பிழை விழுந்து, பெயிண்டர் மூடாமல் நின்றிருக்கும். மேலே உள்ள முதல் பிழையைத் தேடுங்கள்.

மவுஸுக்கு: சுட்டியின் இடத்திலிருந்து டயலின் மையத்தைக் கழித்தால் இரண்டு எண் வரும், கிடைத்தூரமும் நெடுந்தூரமும். திரையில் நெடுந்தூரம் கீழ்நோக்கிப் போகப் போகக் கூடும் என்பதை மறக்க வேண்டாம். கோணம் கண்டுபிடிக்கும் ஏடேன்2 ஃபங்ஷனுக்கு முதலில் கிடைத்தூரத்தையும், அடுத்து நெடுந்தூரத்தின் எதிர்க்குறி மதிப்பையும் கொடுத்தால் 12 மணியிலிருந்து வலஞ்சுழிக் கோணம் நேரடியாகக் கிடைக்கும். விடை ரேடியனில் வரும், பாகையாக்குங்கள். எதிர்க்குறி எண்ணாக இருந்தால் 360 கூட்டுங்கள். 6-ஆல் வகுத்தால் நிமிடம். சுட்டி சரியாக வலப்பக்கம் இருந்தால் 15, நேர்கீழே இருந்தால் 30 வர வேண்டும். இந்த இரண்டையும் சோதித்தாலே குறி தவறு பிடிபட்டுவிடும்.

இப்போது டயலை 58, 59 என்று சுழற்றிக்கொண்டே போங்கள். 12 மணியைத் தாண்டியதும் சட்டென்று 0 ஆகிவிடும். பயன்படுத்துபவருக்கு இது எரிச்சல். பழைய மதிப்புக்கும் புதியதற்கும் இடையே 30 நிமிடத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் அந்த அசைவை ஏற்காதீர்கள். இழுக்கும்போது மட்டும் இந்தத் தடை, டயலில் வேறோர் இடத்தில் புதிதாகக் கிளிக் செய்தால் தடை வேண்டாம். மவுஸ் அசைவு மெத்தட், பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும்போது மட்டும் கூப்பிடப்படும். சும்மா மேலே போகும்போதும் நிறம் மாற வேண்டுமென்றால் மவுஸ் டிராக்கிங்கை இயக்க வேண்டும். மதிப்பு மாறியதை வெளியே சொல்லும் சிக்னலைக் கிளாஸின் உடம்பில் அறிவியுங்கள். இனிட்டுக்குள் எழுதினால் கனெக்ட் செய்யும்போது பிழை வரும்.

விசைப்பலகையை விட்டுவிடாதீர்கள். சாதாரணப் பட்டனில் டேப், ஸ்பேஸ் எல்லாம் இலவசமாக வரும். நாமே வரைந்த டயலில் அது எதுவும் இருக்காது. மவுஸ் பிடிக்க முடியாதவருக்கு உங்கள் ஆப் பூட்டிய கதவுதான். ஃபோகஸ் பாலிசியை ஸ்ட்ராங் ஃபோகஸ் ஆக்கி (டேப் விசையாலும் கிளிக்காலும் டயலைத் தேர்ந்தெடுக்க விடுவது), அம்பு விசைக்கு 1 நிமிடம், பேஜ் அப், பேஜ் டவுனுக்கு 5 நிமிடம் என்று கீபிரெஸ்ஈவென்ட்டில் எழுதுங்கள். ஃபோகஸ் இருக்கும்போது மெல்லிய வளையம் ஒன்றும் வரையுங்கள். பத்துப் பதினைந்து வரிதான்.

பட்டன், பெட்டி போன்றவற்றுக்கு வரைய வேண்டியதில்லை, நிறம், ஓரம் போன்ற தோற்றத்தை எழுதிவைக்கும் ஸ்டைல்ஷீட் போதும். பார்க்க சிஎஸ்எஸ் மாதிரி இருந்தாலும் நிழல், டிரான்சிஷன் கிடையாது. நிழலுக்கு க்யூகிராஃபிக்ஸ்டிராப்ஷேடோஎஃபெக்ட், அசைவுக்கு க்யூப்ராப்பர்ட்டிஅனிமேஷன். தாய் விட்ஜெட்டுக்கு 'பார்டர் 1 பிக்சல்' என்று மொட்டையாக எழுதினால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு லேபிளுக்கும் கட்டம் விழும், எனவே ஆப்ஜெக்ட்நேம் வைத்து, முன்னால் # போட்டு அதை மட்டும் குறியுங்கள். மூலை வளைவு உயரத்தில் பாதியைத் தாண்டினால் க்யூட் வளைவையே கைவிட்டுவிடும்: 36 உயரப் பட்டனுக்கு 18 வரை சரி, 20 கொடுத்தால் கூர்மையான மூலைதான். க்யூவிட்ஜெட்டிலிருந்து எடுத்த உங்கள் சொந்தக் கிளாஸுக்குப் பின்னணி நிறம் ஏறவில்லை என்றால், ஸ்டைல்டு பேக்கிரவுண்ட் என்ற ஆட்ரிபியூட்டை இயக்க வேண்டும்.

தமிழுக்கு இரண்டு எச்சரிக்கை. பட்டனுக்கு நிலையான அகலம், உயரம் வைக்காதீர்கள். 'ஸ்டாப்' ஆங்கிலத்தில் நான்கு எழுத்து, 'நிறுத்து' அதைவிட நீளம், கீழே இறங்கும் 'று' குள்ளமான பட்டனில் வெட்டுப்படும். உறுப்புகளை அடுக்கிவைக்கும் லேஅவுட்டில் விட்டால் தானே அளந்துகொள்ளும். அடுத்து, சொல்லை ஓரெழுத்தாகப் பிய்த்து வரையாதீர்கள். பைத்தானுக்கு 'தமிழ்' என்பது 5 குறியீடு: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. ஒவ்வொன்றாகத் தோன்றும் அனிமேஷன் செய்தால் முதலில் 'தம' வந்து, பிறகுதான் 'தமி' ஆகும். எழுத்தெல்லை தெரிய க்யூடெக்ஸ்ட்பவுண்டரிஃபைண்டர் இருக்கிறது. விண்டோஸில் நிர்மலா எழுத்துரு உண்டு, எல்லா இடத்திலும் ஒரே தோற்றம் வேண்டுமானால் நோட்டோ சான்ஸ் தமிழ் கோப்பை ஆப்போடு சேர்த்து க்யூஃபான்ட்டேட்டாபேஸ் வழியாக ஏற்றுங்கள்.

இவ்வளவும் ஓடிய பிறகு தலைப்புப் பட்டை. விண்டோஸ் 11 சாதாரண ஜன்னலுக்கே மூலையை வளைத்துத் தருகிறது, அதற்காக மட்டும் என்றால் இந்த வேலையே வேண்டாம். நீக்கத்தான் வேண்டுமென்றால் ஃப்ரேம்லெஸ் கொடியையும், ஒளிபுகு பின்னணி ஆட்ரிபியூட்டையும் இயக்கி, உள்ளே ஒரே ஒரு விட்ஜெட்டை வளைந்த மூலையோடு வையுங்கள். சின்னதாக்க, மூட பட்டன்கள் உங்கள் பொறுப்பு. நகர்த்துவதற்கு மவுஸ் தூரத்தைக் கணக்கிட்டு மூவ் கூப்பிடும் பழைய வழி லினக்ஸின் வேலேண்ட் என்ற திரை முறையில் வேலை செய்யாது. மவுஸ் அழுத்தும்போது விண்டோஹேண்டிலின் ஸ்டார்ட்சிஸ்டம்மூவ் மெத்தடைக் கூப்பிட்டால் நகர்த்துவதை இயங்குதளமே பார்த்துக்கொள்ளும். அளவு மாற்ற ஸ்டார்ட்சிஸ்டம்ரீசைஸ் உண்டு.

மற்றவருக்குக் கொடுக்க, ஆப்பையும் பைத்தானையும் ஒன்றாகக் கட்டும் பைஇன்ஸ்டாலர். விண்டோஸ் கோப்பை விண்டோஸில்தான் கட்ட முடியும். எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கும் ஒன்ஃபைல் முறை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தற்காலிக ஃபோல்டரில் பிரித்துப் போடுவதால் தாமதமாகத் திறக்கும், ஆன்டிவைரஸ் சந்தேகப்படுவதும் உண்டு. ஒன்டிர் முறையில் கட்டி, ஃபோல்டரை ஜிப் செய்து கொடுங்கள். எழுத்துருவையும் ஐகானையும் பைஇன்ஸ்டாலரின் ஆட்டேட்டா விருப்பம் மூலம் சேர்த்து, அவற்றின் பாதையை நிரல் கோப்பு இருக்கும் இடத்திலிருந்து கணக்கிடுங்கள். வெறும் கோப்புப் பெயர் எழுதினால் உங்கள் ஃபோல்டரிலிருந்து ஓட்டும்போது மட்டும் கிடைக்கும். பைத்தான் நிறுவாத ஒரு கணினியில், திரை அளவை 150 விழுக்காட்டில் வைத்து ஒருமுறை திறந்து பாருங்கள். விட்டுப்போன கோப்பும் மங்கிய படமும் அங்கேதான் வெளிப்படும்.