மகன் பலூன் முறுக்குகிறான் என்று கவலைப்படும் அம்மாவுக்கு

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் நீளம்தான், ஆனால் கேள்வி ஒன்றே ஒன்று. பன்னிரண்டாம் ஆண்டு படிக்கும் மகன் வார இறுதிகளில் பிறந்தநாள் விழாக்களுக்குப் போய் மேஜிக் காட்டுகிறான், பலூன் முறுக்குகிறான், கையில் பொம்மையை மாட்டிக்கொண்டு பேசுகிறான். இப்போது அதையே தொழிலாக வைத்துக்கொள்கிறேன் என்கிறான். அவன் அப்பா கணக்கியல் படி என்கிறார். யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள். "படித்து முடித்து ஒரு நல்ல வேலைக்குப் போய்விட்டு, அப்புறம் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளட்டுமே" என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் பதற்றம் நியாயமானதுதான். அதற்காக, குழந்தைகளைச் சிரிக்க வைக்கிறவன் கடைசி வரை பலூன் முறுக்கித்தான் சாப்பிட வேண்டும் என்றும் இல்லை. நீங்கள் இருப்பது பிரிட்டனில். இந்த நாட்டில் அந்த இடத்தில் தொடங்கி வேறு எங்கோ போனவர்கள் உண்டு. ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இயன் லாக்லன் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அவர் உருவாக்கியதைப் பார்த்திருப்பீர்கள். 2000ஐ ஒட்டி இங்கே சின்னப் பிள்ளை வளர்த்த வீடுகளில் பெல்லா, மைலோ, ஃபிஸ், ஜேக் என்ற நான்கு வண்ண உருவங்கள் காலையில் பாடி ஆடிக்கொண்டிருக்கும். அந்த ட்வீனீஸ் நிகழ்ச்சியை வில் பிரெண்டன் என்பவரோடு சேர்ந்து உருவாக்கியவர் இவர்.

அதற்கு முன் லாக்லன் கேமராவுக்கு முன்னால் நின்றவர். பிபிசியில் பிளே ஸ்கூல் என்று ஒரு நிகழ்ச்சி 1964இல் தொடங்கி 1988 வரை ஓடியது. பிபிசி 2 சேனலின் தொடக்க இரவு லண்டன் மின்வெட்டில் பாழாகிவிட, மறுநாள் காலை, ஏப்ரல் 21 அன்று, அந்தச் சேனலில் ஒழுங்காக ஒளிபரப்பான முதல் நிகழ்ச்சி என்ற பெயர் இந்தக் குழந்தைகள் நிகழ்ச்சிக்குக் கிடைத்தது. 80களில் அதன் தொகுப்பாளர்களில் லாக்லனும் ஒருவர். 1985இல் ஃபிங்கர்மவுஸ் என்ற தொடரும் செய்தார். விரலில் மாட்டிய ஒரு காகித எலி, சில இசைக் கருவிகள், இவர். பெரிய செட்டோ கூட்டமோ கிடையாது.

பிளே ஸ்கூலில் தொகுப்பாளர்களுக்குச் சொல்லப்பட்ட பாடம் ஒன்று உண்டு: கேமராவுக்கு அந்தப் பக்கம் லட்சம் குழந்தைகள் இருப்பதாக நினைக்காதே, ஒரே ஒரு குழந்தை இருப்பதாக நினைத்துப் பேசு. இது எளிதல்ல. விழா மண்டபத்தில் இருபது பிள்ளைகள் கத்தும்போது நீங்களும் குரலை உயர்த்தித்தான் ஆக வேண்டும், கைகால் எல்லாம் பெரிதாக அசைய வேண்டும். கேமரா முன்னால் அதையே செய்தால் பார்க்கிற குழந்தை பயந்துவிடும். மேடையில் சக்கைப்போடு போடுகிற எத்தனையோ பேர் கேமரா முன்னால் சத்தமாகத் தெரிவது இதனால்தான். உங்கள் மகனின் செல்போனில் அவன் நிகழ்ச்சிப் பதிவு ஏதாவது இருந்தால் பாருங்கள். யாரைப் பார்த்துப் பேசுகிறான் என்பதைக் கவனியுங்கள். (இருந்தால் என்றுதான் சொல்கிறேன். மற்றவர் வீட்டுப் பிள்ளைகளைப் பெற்றோர் அனுமதி இல்லாமல் பதிவு செய்யவே கூடாது என்பதை அவனுக்கு இன்றே சொல்லிவிடுங்கள்.)

சரி, நடித்தவர் தயாரிப்பாளர் ஆனது எப்படி? திறமை ஒரு பக்கம். காலமும் கை கொடுத்தது. பிபிசியும் வணிகச் சேனலான ஐடிவியும் ஒரு காலத்தில் பெரும்பாலான நிகழ்ச்சிகளைத் தங்கள் கட்டடத்துக்குள்ளேயே, தங்கள் ஊழியர்களை வைத்தே செய்துகொண்டன. 1990ஆம் ஆண்டின் ஒலிபரப்புச் சட்டம் அவர்கள் மேல் ஒரு கட்டாயத்தை வைத்தது: தகுதியான நிகழ்ச்சிகளில் 25 விழுக்காட்டையாவது வெளித் தயாரிப்பாளர்களிடமிருந்து வாங்க வேண்டும். அதனால் சின்னச் சின்ன நிறுவனங்களுக்குக் கதவு திறந்தது. குழந்தைகள் நிகழ்ச்சியில் பழக்கப்பட்ட கலைஞர்களுக்கு, "எதற்கு இன்னொருவர் எழுதியதை நடித்துக்கொண்டே இருக்க வேண்டும்?" என்று கேட்க ஒரு வழி பிறந்தது. லாக்லனும் பிரெண்டனும் டெல்-டேல் புரொடக்‌ஷன்ஸ் என்று சொந்த நிறுவனம் வைத்துக்கொண்டார்கள்.

ட்வீனீஸ் 1999 செப்டம்பரில் பிபிசியில் தொடங்கியது. மொத்தம் 390 பகுதிகள். ஒவ்வொரு உருவத்துக்குள்ளும் ஒரு நடிகர் நடப்பார், ஆடுவார். குரல் வேறொருவருடையது. கண்ணும் வாயும் அசைவதை வெளியிலிருந்து ரிமோட்டில் இயக்குகிறவர் இன்னொருவர். ஒரு உருவம் "ஹலோ" என்று சொல்ல இத்தனை பேர் ஒன்றாக இயங்க வேண்டும். அதற்கு மேல் பாட்டு, நடனம், செட், உடைக்குள் வெந்து போகாமல் நடிகருக்கு இடைவேளை, இதையெல்லாம் பட்ஜெட்டுக்குள் அடக்குவது. உடைக்குள் நிற்பது எப்படி இருக்கும், எந்த வரியில் குழந்தையின் கவனம் நழுவும் என்பதெல்லாம் மேடையில் நின்று பார்த்தவருக்கு உடம்பிலேயே தெரியும். தயாரிப்பாளராக அவருக்கு அதுதான் கையிருப்பு. ட்வீனீஸில் ஜேக்குக்கும் டூடுல்ஸ் என்ற நாய்க்கும் குரல் கொடுத்தவர் ஜஸ்டின் ஃபிளெட்சர். பின்னாளில் மிஸ்டர் டம்பிளாகப் பிரிட்டிஷ் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்தவர். முகமே தெரியாத வேலைகளும் இந்தத் துறையில் ஏணிதான்.

லாக்லன் மேடையை விட்டுவிடவும் இல்லை. கோவென்ட்ரியில் உள்ள பெல்கிரேட் தியேட்டரில் கிறிஸ்துமஸ் காலத்துப் பான்டோமைமை, அதாவது குடும்பத்தோடு பார்க்கும் பாட்டும் நகைச்சுவையும் கலந்த நாடகத்தை, பல ஆண்டுகள் அவரே எழுதி, இயக்கி, அதில் 'டேம்' வேடமும் போட்டார். நம் பழைய நாடகக் கம்பெனிகளின் ஸ்திரீபார்ட் போல ஆண் போடும் பெண் வேடம் அது, கூடவே அடாவடியும் நகைச்சுவையும். தொலைக்காட்சி நிறுவனம் நடத்திய மனிதர் பாவாடை கட்டிக்கொண்டு மேடையில் நிற்பதை யாரும் இளக்காரமாகப் பார்க்கவில்லை. நம்மவர்கள் "இன்னும் கூத்தாடிக்கொண்டுதான் இருக்கிறானா?" என்று கேட்டிருப்போம். வருமானக் கண்ணோடு பார்த்தாலும் அது புத்திசாலித்தனம். தொலைக்காட்சி ஆர்டர் வரும், போகும். பான்டோமைம் ஒவ்வொரு டிசம்பரும் வரும்.

உங்கள் மகனுக்கு இன்னும் நெருக்கமாக இருக்கக்கூடியவர் ஆண்ட்ரூ டேவன்போர்ட். 1993இல் தொடங்கிய டாட்ஸ் டிவி தொடரில் டைனி என்ற பொம்மையை இயக்கி, குரல் கொடுத்தவர். ஆசிரியையாக இருந்து தயாரிப்பாளரான ஆன் வுட்டின் ராக்டால் நிறுவனம் அந்தத் தொடரைச் செய்தது. சில ஆண்டுகளில் ஆன் வுட்டோடு சேர்ந்து டேவன்போர்ட் உருவாக்கியதுதான் டெலிடபீஸ், 1997 முதல் 2001 வரை 365 பகுதிகள். பிறகு 2007இல் இன் த நைட் கார்டன். இவர் பல்கலைக்கழகத்தில் படித்தது நடிப்பு இல்லை. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பேச்சு அறிவியல். பேசத் தொடங்கும் குழந்தை சொற்களை எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்று படித்தவர், அப்படியே பேசும் உருவங்களை உருவாக்கினார். "இது என்ன மழலை, பிள்ளைகள் கெட்டுவிடும்" என்று அன்று பெற்றோர்கள் புலம்பியது தனிக் கதை. உங்கள் வீட்டுச் சண்டைக்கு இதில் ஒரு வழி இருக்கிறது: பட்டப்படிப்பு வேண்டும் என்கிற அப்பாவும், பொம்மையை விடமாட்டேன் என்கிற மகனும் சந்திக்கக்கூடிய படிப்புகள் உண்டு. பேச்சு அறிவியல், உளவியல், ஆரம்பக் கல்வி எல்லாம் அந்த வரிசையில் வரும்.

இப்போது பணம். இங்கே நீல் புக்கானனைச் சொல்ல வேண்டும். ஹெவி மெட்டல் இசைக்குழுவில் கிட்டார் வாசித்தவர், பிறகு சனிக்கிழமைக் குழந்தைகள் நிகழ்ச்சிகளில் தொகுப்பாளர். 1990இல் ஐடிவியில் வந்த, ஓவியமும் கைவேலையும் கற்றுத்தரும் ஆர்ட் அட்டாக்கின் முகமாக எல்லோருக்கும் தெரிந்தார். அதை டிம் எட்மண்ட்ஸ் என்பவரோடு சேர்ந்து உருவாக்கி, இருவருடைய மீடியா மெர்ச்சன்ட்ஸ் நிறுவனத்திலேயே தயாரித்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. 2000இல் அந்த நிறுவனத்தை தாமஸ் ரயில் எஞ்சின் தொடரைக் கையில் வைத்திருந்த கல்லேன் என்ற நிறுவனம் வாங்கியது. தொகுப்பாளருக்குப் படப்பிடிப்பு நாளுக்குச் சம்பளம். உரிமை வைத்திருப்பவருக்கு வேறு நாட்டில் ஓடினாலும் பணம், பெயரை விற்றாலும் பணம். ட்வீனீஸ் விஷயத்தில் பொம்மை, புத்தகம், சிடி வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டது பிபிசியின் வணிகப் பிரிவு. உருவாக்கியவர் என்று பெயர் வருவதும் உரிமை கையில் இருப்பதும் ஒன்றல்ல. 2003இல் வந்த தகவல் தொடர்புச் சட்டத்துக்குப் பிறகுதான் வெளித் தயாரிப்பாளர்கள் உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொள்வது இங்கே வழக்கமாகியது. உங்கள் மகன் தன் பொம்மைக்கு ஒரு பெயர், ஒரு குணம், ஒரு கதை வைத்திருந்தால், அதை யாருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்கு முன் ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும்.

இந்தக் கதைகளைக் கேட்டு அவன் குதிப்பதற்குள் மறுபக்கத்தையும் சொல்லிவிடுங்கள். நான் சொன்னவர்கள் ஏறிய காலம் இப்போது இல்லை. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவு விளம்பரங்களைக் குழந்தைகள் நிகழ்ச்சிகளின் நடுவே போடக்கூடாது என்று, ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் அமைப்பு 2007 முதல் கட்டுப்படுத்தியது. பிள்ளைகளின் உடம்புக்கு நல்லது. ஐடிவி போன்ற வணிகச் சேனல்களுக்கோ விளம்பர வருமானம் போய், புதிய குழந்தைகள் நிகழ்ச்சிகள் சுருங்கின. அந்த இடைவெளியை நிரப்ப அரசு 2019இல் ஒரு நிதியைத் தொடங்கி, 2022இல் நிறுத்தியும் விட்டது. பிள்ளைகள் யூடியூபுக்குப் போய்விட்டார்கள். இப்போது இங்கே பெரிய வாங்குபவர் பிபிசிதான், அதன் குழந்தைகள் பிரிவு 2011 முதல் மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் இருக்கிறது. லண்டனை விட்டு நகர மாட்டேன் என்கிறவனுக்கு இது முதல் தடை.

அப்பாவின் கணக்கியலை நான் தள்ளிவிடவில்லை. குழந்தைகள் நிகழ்ச்சிகளுக்கும் அனிமேஷனுக்கும் இந்த நாட்டில் வரிச் சலுகை இருக்கிறது. 2024இல் வந்த புதிய முறையில் அந்த இரண்டுக்கும் 39 விழுக்காடு, மற்ற நிகழ்ச்சிகளைவிட அதிகம். அதைக் கணக்குப் போட்டுக் கோரத் தெரிந்த தயாரிப்புக் கணக்காளர் எந்தப் படப்பிடிப்பிலும் தேவைப்படுகிற ஆள். அவன் அந்த வேலைக்கே போக வேண்டும் என்று சொல்ல வரவில்லை. பட்ஜெட் தாளைப் படிக்கத் தெரிந்த பொம்மலாட்டக்காரன் நாளைக்கு நிறுவனம் நடத்துவான், தெரியாதவன் அடுத்தவர் கூப்பிடும்வரை காத்திருப்பான்.

எனவே அவனை நிறுத்தச் சொல்ல வேண்டாம். சும்மா தொடரட்டும் என்று விடவும் வேண்டாம். அவனிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான்: கடையில் வாங்கிய மேஜிக்கை அப்படியே திரும்பத் திரும்பக் காட்டுகிறானா, அல்லது ஒவ்வொரு விழாவுக்குப் பிறகும் எதையாவது மாற்றுகிறானா? மாற்றுகிறவனிடம் எழுத்தாளனும் தயாரிப்பாளனும் ஒளிந்திருக்கலாம். மாற்றாதவனுக்கு அது நல்ல பகுதிநேர வருமானம், அதிலும் அவமானம் ஒன்றும் இல்லை.

சில வேலைகளை உடனே பார்க்க வேண்டியிருக்கிறது. குற்றப் பின்னணி இருக்கிறதா என்று காட்டும் அடிப்படை டிபிஎஸ் சான்றை 16 வயதானவர் தானே விண்ணப்பித்து வாங்கலாம், விழாவுக்கு அழைக்கும் பெற்றோருக்கு அது ஒரு தைரியம். அவனால் மற்றவருக்கு அடியோ சேதமோ ஏற்பட்டால் ஈடுகட்டும் பொதுப் பொறுப்புக் காப்பீடு இல்லாமல் ஒரு மண்டபத்துக்குள்ளும் போக வேண்டாம். கலைஞர்கள் சங்கமான ஈக்விட்டியின் உறுப்பினர்களுக்கு அது சேர்ந்தே கிடைக்கிறது, தொழிலாக எடுத்தபின் யோசிக்கலாம். வரி ஆண்டில் அவன் கைக்கு வரும் மொத்தத் தொகை 1,000 பவுண்டைத் தாண்டினால் வருமான வரித்துறையில் சுயதொழில் செய்பவராகப் பதிய வேண்டும், அந்த ஆண்டு முடிந்து வரும் அக்டோபர் 5க்குள். இதை அப்பாவிடம் ஒப்படையுங்கள். மகனின் பலூன் கணக்கை ஒருமுறை உட்கார்ந்து எழுதிப் பார்த்தால் அவருக்கும் இது தொழில் என்று தெரியவரும்.

நாடகப் பள்ளிக்கும் சேர்த்து விண்ணப்பிக்க நினைத்தால் நடிப்புத் தேர்வுத் தேதிகளை ஒவ்வொரு பள்ளியிலும் இப்போதே பார்த்து வையுங்கள். மற்ற பட்டப்படிப்புகளுக்குப் பல்கலைக்கழகச் சேர்க்கையைக் கவனிக்கும் யூகாஸ் அமைப்புக்கான விண்ணப்பம் அடுத்த ஜனவரியில் போக வேண்டும். அதற்குள் அவனுடைய பொம்மையை வைத்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதி அனுப்பச் சொல்லுங்கள், படப்பிடிப்புக்கு என்னென்ன செலவாகும் என்ற பட்டியலும் கூடவே வேண்டும். பட்டியலை அப்பா சரிபார்த்துத் தரட்டும். படித்துப் பார்த்துவிட்டு மூன்று பேரோடும் சேர்ந்து பேசுகிறேன்.