பயனர் கையேடு எழுதுவது எப்படி? கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வீட்டு உபயோகச் சாதனம் ஒன்றுக்கு முதன்முறையாகக் கையேடு எழுதுகிறேன். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: சாதனத்தின் பாகங்களிலிருந்து தொடங்காதீர்கள். அதை வாங்கியவர் என்னென்ன வேலைகளைச் செய்ய விரும்புவார் என்று முதலில் பட்டியலிடுங்கள்; அந்த வேலைகளே தலைப்புகளாகட்டும். 'கட்டுப்பாட்டுப் பலகம்' என்ற தலைப்பின் கீழ் எல்லாப் பொத்தான்களையும் வரிசையாக விளக்கும் கையேட்டில், நேரத்தை மாற்ற எதை அழுத்துவது என்று தேடி வருபவர் கடைசிப் பொத்தான் வரை படிக்க வேண்டியிருக்கும். 1980களில் ஐ.பி.எம். கணினி நிறுவனத்தில் ஆய்வாளர் ஜான் கேரலும் அவருடைய சகாக்களும் கணினி கற்பவர்களைக் கவனித்தபோது, அவர்கள் விளக்கங்களைத் தாண்டிவிட்டு உடனே வேலையில் இறங்குவதையும், தவறு நேர்ந்தால் மீள வழி தெரியாமல் திண்டாடுவதையும் கண்டார்கள். ஆகவே முன்னுரையைச் சுருக்கி, தவறு நேர்ந்தால் செய்ய வேண்டியதை அந்தந்தப் படியின் அருகிலேயே எழுதுங்கள். எழுதி முடித்ததும், சாதனத்தை அறியாத ஒருவரிடம் கையேட்டைக் கொடுத்துச் செய்யச் சொல்லி, நீங்கள் வாய் திறக்காமல் அருகில் இருந்து கவனியுங்கள். அவ்வாறு சோதிக்காத கையேட்டை அச்சுக்கு அனுப்பவே கூடாது.

கேள்வி: கையேடு எத்தனை பக்கம் இருக்கலாம்?

பதில்: வேலைகளுக்குத் தேவையான அளவு.

கேள்வி: வாக்கியங்களுக்கு நீள வரம்பு உண்டா?

பதில்: விமானப் பராமரிப்பு ஆவணங்களுக்காக உருவான எளிய தொழில்நுட்ப ஆங்கில விதிகள், செய்முறை வாக்கியத்திற்கு 20 சொற்களையும் விளக்க வாக்கியத்திற்கு 25 சொற்களையும் உச்சவரம்பாக வைக்கின்றன. தமிழில் சொற்கள் உருபுகளோடு சேர்ந்து வருவதால் அந்த எண்கள் நமக்கு அளவுகோல் ஆகா. ஆனால் ஒரு வாக்கியத்தில் ஒரு செயல் என்ற விதி முழுமையாகப் பொருந்தும். "மூடியைத் திறந்து, வடிகட்டியை எடுத்து, கழுவி, உலர்த்திப் பொருத்தவும்" என்பது படிக்க இயல்பாக இருந்தாலும், அதில் ஐந்து செயல்கள் உள்ளன. ஈரக்கையோடு வடிகட்டியைப் பிடித்துக்கொண்டு மீண்டும் பக்கத்தைப் பார்ப்பவருக்கு, விட்ட இடம் கண்ணில் படாது. ஐந்தையும் எண்ணிட்ட ஐந்து படிகளாக்குங்கள்.

கேள்வி: பாதுகாப்பு எச்சரிக்கைகள் அனைத்தையும் முதல் பக்கங்களில் தொகுத்துவிட்டோம். இது போதும் அல்லவா?

பதில்: போதாது. "மின் இணைப்பைத் துண்டிக்கவும்" என்பது 3ஆம் பக்கத்திலும், பின்மூடியைக் கழற்றும் படி 27ஆம் பக்கத்திலும் இருந்தால், கழற்றுபவர் 27ஆம் பக்கத்தை மட்டுமே திறந்திருப்பார். எச்சரிக்கை அந்தப் படிக்கு முன்னால் வர வேண்டும். பின்னால் வந்தால், அவர் அதைப் படிக்கும்போது கை உள்ளே போயிருக்கும்.

மற்றொருவர்: நான் இதை ஏற்கவில்லை. ஒவ்வொரு படிக்கும் எச்சரிக்கை போட்டால் யாரும் எதையும் படிக்க மாட்டார்கள்.

பதில்: உங்கள் கவலை நியாயமானது; ஆனால் எச்சரிக்கைகள் மலிவதற்குக் காரணம், அவற்றைத் தரம் பிரிக்காததே. பாதுகாப்பு எச்சரிக்கைகளுக்கான அமெரிக்காவின் ஆன்சி இசட்535 தரநிலைகளில், தவிர்க்காவிட்டால் உயிரிழப்போ கடுங்காயமோ நிச்சயம் நேரும் என்பதற்கு ஒரு குறிச்சொல், நேரக்கூடும் என்பதற்கு இன்னொன்று, சிறிய அல்லது நடுத்தரக் காயத்திற்கு மூன்றாவது, பொருட்சேதத்திற்கு மட்டும் நான்காவது எனத் தனித்தனியே உண்டு. "மென்மையான துணியால் துடைக்கவும்" என்பதற்கும் சிவப்புப் பெட்டி போட்டால், மின்னதிர்ச்சியைப் பற்றிய பெட்டியும் அதனோடு சேர்ந்து மதிப்பிழக்கும்.

முதலில் கேட்டவர்: அப்படியானால் முன்பக்கத் தொகுப்பை நீக்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். சாதனத்தை எங்கே வைக்கலாம், யார் இயக்கலாம் போன்ற பொதுவானவை அங்கேயே இருக்கட்டும். குறிப்பிட்ட ஒரு செயலோடு பிறக்கும் ஆபத்து அச்செயலின் அருகிலும் இருக்க வேண்டும்.

மற்றொருவர்: அதே எச்சரிக்கை ஆறு இடங்களில் வந்தால்?

பதில்: ஆறு இடங்களிலும் அந்த ஆபத்து உண்மையென்றால் ஆறு முறையும் வரட்டும். அது உறுத்தினால், பொறியாளரிடம் போய், மூடி திறந்ததும் மின்சாரம் தானாக நிற்கும்படி வடிவமைக்க முடியுமா என்று கேளுங்கள். ஆபத்தை வடிவமைப்பிலேயே நீக்குவதற்கு எந்த எச்சரிக்கையும் ஈடாகாது.

கேள்வி: விபத்து நேர்ந்தால் எழுதியவருக்குச் சட்டப் பொறுப்பு உண்டா?

பதில்: அதை வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதினால் சலிப்பூட்டாதா?

பதில்: கையேட்டில் சலிப்பு குறையன்று. ஓரிடத்தில் 'குமிழ்', இன்னோரிடத்தில் 'திருகி', வேறோரிடத்தில் 'விசை' என்று எழுதினால், வாசகர் மூன்று பாகங்களைத் தேடுவார். சாதனத்தின் மேல் என்ன அச்சாகியிருக்கிறதோ அதையே கடைசி வரை எழுதுங்கள்.

கேள்வி: பக்கங்களை எட்டுக்குள் அடக்கச் சொல்கிறார்கள். எதை வெட்டலாம்?

பதில்: பக்கக் கணக்கைப் பற்றி முன்பே பதில் சொல்லிவிட்டேன். வெட்டியே ஆக வேண்டுமென்றால் வாழ்த்துரையையும் தயாரிப்பின் பெருமைகளையும் வெட்டுங்கள். படிகளையும் எச்சரிக்கைகளையும் தொடாதீர்கள், எழுத்தின் அளவையும் குறைக்காதீர்கள்.

கேள்வி: சோதனைக்கு ஆள் கிடைக்கவில்லை. நானே இருமுறை படித்துப் பார்த்தால் போதுமா?

பதில்: போதாது. விடுபட்ட படியை உங்கள் நினைவு தானாகவே நிரப்பிவிடும். ஐந்து பேர் கிடைத்தால் நல்லது. ஒருவரே கிடைத்தாலும் உட்காரவையுங்கள். அவர் எங்கே தயங்குகிறார், எந்தப் பக்கத்திற்குத் திரும்பிப் போகிறார் என்று குறித்து, அந்த இடத்தைத் திருத்தி, திருத்திய படிகளை வேறொருவரிடம் கொடுங்கள்.