அப்பத்தாவின் பித்தளைக் கூண்டில் கிளி வளர்க்கலாமா?

கிளி வளர்ப்பு பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லிப் போன இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நம் செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்துதான். நானும் காரைக்குடியில் 20 வருடமாகக் கிளிகளோடு குடித்தனம் நடத்துகிறவள் என்பதால், நம் வீடுகளின் அமைப்பை மனதில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டு மச்சில் அப்பத்தா காலத்துப் பித்தளைக் கூண்டு ஒன்று கிடக்கிறது. உருண்டை வடிவம், மேலே கோபுரம் மாதிரி கூம்பு, அவ்வளவு அழகு. புளி போட்டுத் தேய்த்து ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் விடலாம் என்று ஆசை. விடலாமா அக்கா?
(வாசகி, கானாடுகாத்தான்)

பதில்: வேண்டாம் ஆச்சி. கூண்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். கிளி இனம் எல்லாமே அலகை மூன்றாவது கால் மாதிரி பயன்படுத்தும், கம்பியைக் கவ்வித்தான் ஏறும், பொழுது போகாவிட்டால் அதையே கடித்துக்கொண்டிருக்கும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம், ஈரம் பட்டால் களிம்பு ஏறும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். அதைவிட எனக்குப் பயம் பழைய கூண்டில் பற்றவைத்த இடங்கள். அங்கே காரீயம் கலந்திருக்கலாம். துத்தநாகமும் காரீயமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனாலே பறவை சோர்ந்துபோகும், வாந்தி எடுக்கும், எச்சம் மாறும், கடைசியில் கால் தளர்ந்து விழுந்துவிடும்.

உருண்டை வடிவமும் ஆகாது. மிரண்டால் ஒதுங்கி நிற்க அதில் மூலையே கிடையாது. மேலே கம்பிகள் ஒன்றாகக் கூடுகிற இடத்தில் விரலோ கழுத்தோ மாட்டிக்கொள்ளும்.

இன்னொரு விஷயம். நம் ஊர்க் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்பது பெரும்பாலும் பட்ஜி, அதாவது ஆஸ்திரேலியாவின் சின்னக் கிளி. உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, கொஞ்சம் தடியாக, வால் குட்டையாக இருக்கும். ஒரு ஜோடி பட்ஜிக்கு நீளம் 2.5 அடி, அகலமும் உயரமும் 1.5 அடி உள்ள கூண்டு குறைந்தபட்சம் வேண்டும். கிளி ஹெலிகாப்டர் மாதிரி நேரே மேலே எழும்பாது, பக்கவாட்டில்தான் பறக்கும், அதனால் உயரத்துக்குக் கொடுக்கிற காசை நீளத்துக்குக் கொடுங்கள். கம்பிக்குக் கம்பி இடைவெளி அரை இன்ச்சுக்கு மேல் போகக் கூடாது, போனால் தலையை விட்டு மாட்டிக்கொள்ளும். எவர்சில்வர் கூண்டு கிடைத்தால் அதுதான் உத்தமம், விலை அதிகம்தான், ஆனால் ஒரே செலவு. பட்டறையில் ஜி.ஐ. வலை (பூச்சு ஏற்றிய இரும்பு வலை) அடித்துக் கூண்டு செய்து தருகிறார்கள், அந்தப் பூச்சிலும் துத்தநாகம்தான். வேறு வழியே இல்லை என்றால் வினிகர் ஊற்றி பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்து, பல முறை கழுவி, வெயிலில் காயவைத்து அப்புறம் விடுங்கள். ஆபத்து குறையும், முழுக்கப் போகாது.

அப்பத்தா கூண்டைத் துடைத்து, உள்ளே ஒரு விளக்கு வைத்து முகப்பில் தொங்கவிடுங்கள்.

கேள்வி: காக்டெயில் கிளி ஜோடி வாங்கியிருக்கிறோம். வளவில் (நடு முற்றத்தில்) வெளிச்சமும் காற்றும் நன்றாக இருக்கிறது. தூணில் கொக்கி மாட்டித் தொங்கவிடலாமா?
(வாசகர், ஆத்தங்குடி)

பதில்: வளவைச் சுற்றிய தாழ்வாரம் நல்ல இடம்தான், ஆனால் வானம் தெரிகிற பக்கம் வேண்டாம். மழைச் சாரல் ஒரு காரணம். பூனை ஓடு மேலேயே நடந்து வந்து இறங்கும், காக்கை வந்து கம்பிக்கு வெளியே உட்கார்ந்தாலே இவை நடுங்கிப்போகும், எலி வந்தால் அதன் பின்னாலேயே பாம்பு வரும். தொங்கவிட்டால் கூண்டு ஆடும். சுவரை ஒட்டி, நம் மார்பு உயரத்துக்கு ஒரு மேசை போட்டு, ஒரு பக்கமாவது சுவர் மறைக்கிற மாதிரி வையுங்கள். முதுகுக்குப் பின்னால் சுவர் இருந்தால் பறவைக்குத் தைரியம் வரும். மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது.

அடுப்படியை ஒட்டிய கட்டு கூடவே கூடாது. நான்-ஸ்டிக் சட்டி அதிகமாகச் சூடேறினால் அதன் பூச்சிலிருந்து வருகிற வாயு நமக்குத் தெரியவே தெரியாது, கிளியைச் சில நிமிடத்தில் கொன்றுவிடும். நுரையீரல் வழியாகக் காற்று ஓடிக்கொண்டே இருக்கிற உடம்பு அதற்கு, எந்தப் புகையும் நேராக உள்ளே போகும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி, கொசுவத்தி, மிளகாய் வறுக்கிற நெடி எல்லாவற்றுக்கும் இதேதான். சாம்பிராணி போட்டே ஆகவேண்டும் என்றால் பறவையை அந்த நேரம் வேறு கட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

அப்புறம் நம் வீட்டுப் பெல்ஜியம் கண்ணாடிகள். என்னுடைய முதல் காக்டெயிலை வெளியே விட்ட மூன்றாவது நாள், கூடத்தில் இருந்த ஆளுயரக் கண்ணாடியை இன்னொரு கூடம் என்று நினைத்து முழு வேகத்தில் போய் மோதியது. அன்று மாலையே போய்விட்டது. திறந்துவிடும் முன் கண்ணாடி மேல் துணி போடுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், ஜன்னல் கதவைச் சாத்துங்கள். இந்த மூன்றையும் செய்யாமல் கூண்டுக் கதவைத் தொடாதீர்கள்.

காக்டெயில் இருட்டில் திடீரென்று மிரண்டு கூண்டுக்குள் அடித்துக்கொள்ளும், இறகு முறிந்து ரத்தம் வரும். சின்ன இரவு விளக்கு ஒன்று எரியட்டும்.

கேள்வி: எங்கள் ஆப்பிரிக்கன் கிரே கிளிக்கு 4 வயது. சூரியகாந்தி விதை, பால் சோறு, முறுக்கு, காலையில் இரண்டு வாய் காபி என்று நாங்கள் சாப்பிடுவதையெல்லாம் சாப்பிடுகிறான். இப்போது இறகு மங்கிவிட்டது, வாய்க்குள் வெள்ளையாகத் திட்டு தெரிகிறது. என்ன மருந்து கொடுக்கலாம்?
(வாசகர், தேவகோட்டை)

பதில்: மருந்தைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் பறவைகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் இந்த வாரமே கொண்டுபோங்கள். வாய்க்குள் வெள்ளைத் திட்டு என்றால் வைட்டமின் ஏ குறைவாக இருக்கலாம், பூஞ்சையாகவும் இருக்கலாம், பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆனால் நீங்கள் எழுதிய தீனிப் பட்டியலைப் பார்த்தால் குறைவு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பாசத்தில்தான் கொடுக்கிறீர்கள், அது எனக்குத் தெரிகிறது, இருந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

காபியை இன்றே நிறுத்துங்கள், அது இதயத்தைப் படபடக்க வைக்கும். பாலில் இருக்கிற சர்க்கரையைச் செரிக்கும் சக்தி பறவைக்குக் கிடையாது. முறுக்கில் உப்பும் எண்ணெயும் அதிகம், அவன் உடம்பே அரைக் கிலோதான். சூரியகாந்தி விதை கொழுப்பு, அதை மட்டுமே தின்றால் ஈரலில் கொழுப்பு கட்டும், அதில் வைட்டமின் ஏ-யும் சுண்ணாம்புச் சத்தும் இல்லாததற்குச் சமம். கிரே இனத்துக்குச் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் வலிப்பே வரும். வெண்ணெய்ப்பழம், சாக்லேட், வெங்காயம், பூண்டு, ஆப்பிள் விதை இவையும் ஆகாதவை.

என்ன கொடுப்பது? கிளிகளுக்கென்று விற்கிற பெல்லட் (சத்துகள் கலந்து குச்சியாகவோ உருண்டையாகவோ செய்த தீனி) பாதிக்கு மேல் இருக்கட்டும், மீதியில் பெரும்பகுதி காயும் கீரையும். முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, கொத்தமல்லி, கேரட், வேகவைத்த பரங்கிக்காய், சர்க்கரைவள்ளிக் கிழங்கு. உள்ளே ஆரஞ்சு நிறமாக இருக்கிற காய் என்றால் வைட்டமின் ஏ-க்கு நம்பிக் கொடுக்கலாம். முளைகட்டிய பயறு கொடுக்கலாம், புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். பச்சை மிளகாயும் கொடுக்கலாம், பறவைக்கு அந்தக் காரம் உறைக்கவே உறைக்காது, நமக்குக் கண்ணில் நீர் வருகிற மிளகாயை அது நிதானமாக விதை விதையாகத் தின்னும். கவுனி அரிசியை இனிப்பும் நெய்யும் சேர்க்காமல் வேகவைத்து, எப்போதாவது ஒரு ஸ்பூன் வைக்கலாம். நிலக்கடலை வேண்டாம், பூஞ்சை பிடித்த கடலையின் நச்சு கண்ணுக்குத் தெரியாது.

ஒரே நாளில் மாற்றாதீர்கள். தெரியாத தீனியைத் தீனி என்றே கிளி ஒத்துக்கொள்ளாது, பட்டினி கிடக்கும். சமையலறைத் தராசில் தினம் காலையில் எடை பாருங்கள். விதையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அவன் எதிரில் நீங்களே கேரட்டைக் கடித்துக் காட்டுங்கள், உங்கள் தட்டில் இருந்து தின்று பழகியவன் என்பதால் அது சீக்கிரம் வேலை செய்யும். இரண்டு மாதம் ஆனாலும் ஆகட்டும். காலை இளவெயிலில் 20 நிமிடம் வையுங்கள், கண்ணாடி வழியாக வருகிற வெயில் உதவாது, கூண்டில் ஒரு பாதி நிழலில் இருக்க வேண்டும்.

கணவாய் ஓடு ஒன்று எப்போதும் கூண்டில் இருக்கட்டும். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேளுங்கள், ஊறவைத்து உப்பு போகக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். கிண்ணம் எவர்சில்வரில் இருக்கட்டும், தண்ணீரைக் காலையும் மாலையும் மாற்றுங்கள்.

ஆப்பிரிக்கன் கிரே சர்வதேச வணிகத் தடைப் பட்டியலில் இருக்கிற இனம். 2024-இல் வந்த மத்திய அரசு விதிப்படி சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். இன்னும் செய்யவில்லை என்றால் தள்ளிப்போடாமல் வனத்துறையில் விசாரியுங்கள். பட்ஜிக்கும் காக்டெயிலுக்கும் இந்தப் பதிவு கிடையாது.

கேள்வி: பனைமரத்துப் பொந்திலிருந்து பச்சைக்கிளிக் குஞ்சு ஒன்று விழுந்துவிட்டது. பிள்ளைகள் வளர்க்கலாம் என்கிறார்கள். எப்படிப்பட்ட கூண்டு வாங்குவது?
(வாசகி, கல்லல்)

பதில்: கூண்டு வாங்காதீர்கள். நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி குற்றம், 2022 திருத்தத்தில் அது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. வாங்குவதும் விற்பதும் அப்படியே. கோவிலிலும் ஜோசியத்திலும் பார்த்துப் பழகியதால் வீட்டுப் பறவை என்று நினைத்துவிடுகிறோம். குஞ்சுக்கு அடிபடவில்லை, பொந்து எட்டுகிறது என்றால் திரும்ப உள்ளே விடுங்கள், மனிதக் கை பட்டதால் தாய் ஒதுக்காது. எட்டவில்லை என்றால் ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் பருத்தித் துணி விரித்து, இருட்டாக, கதகதப்பாக வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். பாலோ ரொட்டியோ ஊட்டவேண்டாம். பிள்ளைகளை ஒரு நாள் சாயங்காலம் அதே பனைக்குக் கூட்டிப்போங்கள், கூட்டமாக வந்து அடைவதைப் பார்க்கட்டும்.

கேள்வி: பட்ஜிகளுக்கு விளையாட்டுச் சாமான் ஒன்று 500, 600 ரூபாய் சொல்கிறார்கள். அவசியமா?
(வாசகர், கோட்டையூர்)

பதில்: விளையாட்டு அவசியம், அந்த விலை அவசியமில்லை. சாயம் ஏற்றாத பனையோலைக் கொட்டான் (சின்னக் கூடை) ஒன்று வாங்கி, உள்ளே கொஞ்சம் தினையும் கீரைத் தண்டும் வைத்துத் தொங்கவிடுங்கள். கிழித்துக் கிழித்து உள்ளே இருப்பதைத் தேடித் தின்னும். காட்டில் கிளிக்குப் பாதி நாள் வேலையே இதுதான், அந்த வேலை இல்லாவிட்டால் கூண்டுக் கிளி தன் இறகையே பிடுங்க ஆரம்பிக்கலாம். கலர் கொட்டான் வேண்டாம்.

உட்கார, கடையில் கொடுக்கிற வழவழப்பான பிளாஸ்டிக் குச்சியை எடுத்துவிட்டு வேப்பங்கிளை, கொய்யாக்கிளை வையுங்கள், பூச்சிமருந்து அடிக்காத மரமாகப் பார்த்து. ஒரே பருமனில் நின்றால் காலடியில் புண் வரும், அதனால் ஒன்று விரல் கனம், இன்னொன்று அதைவிடத் தடி என்று மாற்றி வையுங்கள். அரளிக் கிளையை மட்டும் தெரியாமல்கூட வைத்துவிடாதீர்கள், விஷம். கூண்டுக்கு அடியில் பழைய செய்தித்தாள் போதும், தினமும் மாற்றுங்கள், எச்சத்தின் நிறம் மாறினால் அதில்தான் முதலில் தெரியும். குஞ்சு வேண்டாம் என்றால் கடைக்காரர் சேர்த்துக் கொடுத்த மண்கலயத்தை எடுத்துவிடுங்கள், கலயம் இருக்கும்வரை பெட்டை முட்டையிட்டுக்கொண்டே இருக்கும், உடம்பு உருகிப்போகும்.

கேள்வி: நாங்கள் சென்னையில் இருக்கிறோம். பள்ளத்தூர் வீட்டைக் காவல்காரர் பார்த்துக்கொள்கிறார். வளவு வெறிச்சென்று இருக்கிறதே, பெரிய கூண்டு கட்டிக் கிளி விடலாமா?
(வாசகர், சென்னை)

பதில்: மன்னிக்க வேண்டும் அண்ணே, கூடாது. பூட்டிய வீட்டில் கிளி இருப்பது எனக்கு நினைக்கவே கஷ்டமாக இருக்கிறது. சித்திரை வெயிலில் ஒரு வேளை தண்ணீர் தவறினால் போதும். கிளி நோயை மறைக்கும், தினம் பார்க்கிறவர் கண்ணுக்குத்தான் வித்தியாசம் தெரியும். வளவில் ஒரு தொட்டியில் தண்ணீர் வைக்கச் சொல்லுங்கள், சிட்டும் மைனாவும் தானாக வரும்.

கேள்வி: புதிதாக வாங்கிய பறவையைப் பழைய கூட்டத்தோடு எப்போது விடலாம்?
(வாசகி, காரைக்குடி)

பதில்: 30 நாள் தனி அறை, தனிக் கிண்ணம், பழையதைக் கவனித்த பிறகுதான் புதியதைத் தொடவேண்டும். கடையில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது என்று நான் ஒரு முறை அன்றைக்கே சேர்த்துவிட்டேன், இரண்டு வாரத்தில் நான்கு பட்ஜியைப் புதைத்தேன்.

கேள்வி: நான் ஐந்தாம் வகுப்பு படிக்கிறேன். என் பட்ஜி கையில் வரமாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம் அத்தை?
(புதுவயல்)

பதில்: அதைப் பிடிக்கப் போகாதே கண்ணு, கை என்றாலே துரத்துகிற கை என்று நினைத்துவிடும். ஒரு வாரம் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உன் பாடத்தைச் சத்தமாகப் படி. அடுத்த வாரம் ஒரு தினைக் கதிரைக் கம்பி வழியாக நீட்டு. தின்ன ஆரம்பித்த பிறகு கதிரைக் கையில் பிடித்து மெதுவாக உள்ளே கொண்டுபோ, அசையாமல் வைத்திரு. கொத்தினாலும் கையை வெடுக்கென்று இழுக்காதே, பெரிதாக வலிக்காது. ஒரு நாள் கதிருக்காக உன் விரல் மேல் ஒரு காலை வைக்கும், அன்றைக்கு அது போதும், இரண்டாவது காலுக்கு அவசரப்படாதே. எத்தனையாவது நாளில் வந்தது என்று எனக்கு எழுது.